ஒரு நீளத்துக்கு 31 வினாடி: நெடுந்தூர ஃப்ரீஸ்டைல் நீச்சலை எப்படிப் புரிந்துகொள்வது?

நெடுந்தூர நீச்சல் என்றதும் தமிழருக்குப் பெரும்பாலும் கடல்தான் நினைவுக்கு வரும். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியதையும், 1994இல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்ததையும் நாளிதழ்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் நடைபெறும் நெடுந்தூரப் போட்டி முற்றிலும் வேறு வகையானது. அங்கே அலை இல்லை, நீரோட்டம் இல்லை, இருட்டு இல்லை. இருப்பவை 50 மீட்டர் நீளமுள்ள ஒரு குளமும், அதன் அடியில் வரையப்பட்ட ஒரு கருங்கோடும், வினாடியை நூறாகப் பகுத்துக் காட்டும் ஒரு கடிகாரமும் மட்டுமே. முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, எட்டு நிமிடமோ பதினைந்து நிமிடமோ ஒருவர் அங்குமிங்கும் போய்வருவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. அதைக் காட்டித் தரும் திறவுகோல் ஓர் எளிய வகுத்தல் கணக்கு. அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கியின் வாழ்க்கையை முன்னிறுத்தி அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஃப்ரீஸ்டைல் என்பது விதிப்படி ஒரு குறிப்பிட்ட நீச்சல் முறையின் பெயரன்று. வீரர் தாம் விரும்பும் எந்த முறையிலும் நீந்தலாம் என்பதே அதன் பொருள். குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி முன்னே வீசி, கால்களை மேலும் கீழுமாக உதைத்து நீந்தும் கிரால் முறையே எல்லாவற்றிலும் வேகமானது என்பதால் அனைவரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமுறையில் இரண்டு சொற்களும் ஒன்றாகிவிட்டன. ஃப்ரீஸ்டைல் போட்டிகள் 50 மீட்டரில் தொடங்கி 100, 200, 400, 800, 1500 மீட்டர் வரை செல்கின்றன. இவற்றுள் 800, 1500 ஆகிய இரண்டும் ஐயமின்றி நெடுந்தூரப் போட்டிகள். 400 மீட்டரை நடுத்தூரம் என்பவரும் உண்டு, நெடுந்தூரம் என்பவரும் உண்டு. லெடெக்கியைப் போன்றவர்கள் மூன்றிலும் நீந்துகிறார்கள்.

குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள 50 மீட்டரை இங்கே ஒரு நீளம் என்று குறிப்பிடுகிறேன். 800 மீட்டர் என்பது 16 நீளம். 1500 மீட்டர் என்பது 30 நீளம். ஒரு போட்டியின் மொத்த நேரத்தை நீளங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், அந்த வீரர் ஒரு நீளத்துக்குச் சராசரியாக எத்தனை வினாடி எடுத்துக்கொண்டார் என்பது தெரியும். நீச்சலாளர்கள் பேஸ் என்று சொல்வது இதைத்தான். லெடெக்கி 2018இல் இண்டியானாபொலிஸ் நகரில் 1500 மீட்டரை 15 நிமிடம் 20.48 வினாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதாவது 920.48 வினாடி, 30ஆல் வகுத்தால், ஒரு நீளத்துக்கு 30.68 வினாடி. உங்கள் ஊரில் 50 மீட்டர் குளம் இருந்தால் அதன் ஓரமாக 31 வினாடியில் ஒரு முறை நடந்து பாருங்கள். சாதாரண நடை போதாது. கையை வீசி விரைந்து நடக்க வேண்டும், ஏறக்குறைய மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம். நீங்கள் கரையில் நடக்கும் அதே வேகத்தில் ஒருவர் பக்கத்தில் நீந்திக்கொண்டு வருகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பள்ளி அளவில் நன்றாக நீந்துபவர்களுள் பலருக்கு, முழு மூச்சையும் கொடுத்து ஒரே ஒரு நீளத்தை 31 வினாடியில் முடிப்பதே கடினம். லெடெக்கி அதை இடைவெளியின்றி முப்பது முறை செய்கிறார்.

ஏன் ஒவ்வொரு நீளத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நீந்த வேண்டும்? தொடக்கத்தில் வேகமாகப் போய் முன்னிலை பெற்றுவிட்டு, பிறகு மெதுவாக நீந்தினால் என்ன? இதற்கான விடை தண்ணீரிடம் இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் முன்னேறும் உடலை அது தடுக்கும் விசை, வேகத்தோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையை எதிர்த்து அதே வேகத்தில் செல்லத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்ப உயர்கிறது. எனவே வேகத்தை 5 விழுக்காடு கூட்டினால், உடல் கொடுக்க வேண்டிய திறன் சுமார் 16 விழுக்காடு கூடிவிடுகிறது. முதல் நான்கு நீளங்களில் மிகையாகச் செலவழித்ததை, பின்னர் மெதுவாக நீந்தி மீட்டுவிட முடியாது. வேகத்தில் கிடைத்த ஆதாயம் சிறியது, கொடுத்த விலை பெரியது. ஓட்டப்பந்தயத்திலும் சீரான வேகம் நல்லதுதான் என்றாலும், நீரில் அதை மீறியதற்கான தண்டனை மிகக் கடுமையாக இருக்கிறது.

உடலின் உள்ளே நடப்பதும் இதையே வலியுறுத்துகிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் முயற்சியில், தசைகளுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பங்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தியே உண்டாக்கப்படுகிறது. இந்த வழி நெடுநேரம் தாங்கும். ஆனால் அதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் ஆக்சிஜன் துணையில்லாத வழியை உடல் கூடுதலாக நாட வேண்டியிருக்கும். அப்போது தசைகள் எரியத் தொடங்கும், கைகள் கனக்கும், மூச்சு போதாமல் போகும். கிரால் நீச்சலில் முகம் நீருக்குள் இருப்பதால், நினைத்தபோதெல்லாம் மூச்சு வாங்கவும் இயலாது. கைவீச்சின் தாளத்துக்குள்தான் வாங்கியாக வேண்டும். ஆகவே நெடுந்தூர நீச்சலாளர் தம் வரம்புக்கோட்டின் விளிம்பிலேயே, அதைத் தாண்டாமலும் அதற்குக் கீழே இறங்காமலும், பத்துப் பதினைந்து நிமிடங்கள் நிற்கப் பழகுகிறார். பயிற்சி ஆண்டுகளின் பெரும்பகுதி அந்தக் கோட்டை மேலே நகர்த்துவதிலேயே கழிகிறது.

நீளங்களின் நேரப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முதல் நீளம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகவே இருக்கும், ஏனெனில் அது மேடையிலிருந்து பாய்வதில் தொடங்குகிறது. கடைசி நீளமும் வேகமாக இருக்கலாம், ஏனெனில் இனிச் சேமித்து வைக்க வேண்டியது ஒன்றுமில்லை. இடையில் உள்ளவையே நீச்சலாளரின் தரத்தைச் சொல்கின்றன. அவை ஒன்றுக்கொன்று சில பத்திலொரு பங்கு வினாடிகளுக்குள் இருந்தால் வேகம் சீரானது என்று கொள்ளலாம். முற்பாதியைவிடப் பிற்பாதியை வேகமாக நீந்துவதை நெகட்டிவ் ஸ்ப்ளிட் என்பார்கள். பாய்ந்து தொடங்கிய முற்பாதியை, பாய்ச்சல் இல்லாத பிற்பாதி வெல்வது அரிது என்பதால், அதைச் செய்பவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சுவரில் திரும்புவதும் கணக்கில் சேரும். 1500 மீட்டரில் 29 திருப்பங்கள் இருக்கின்றன. சுவரை நெருங்கும்போது வீரர் கடைசிக் கைவீச்சோடு தலையை உள்ளிழுத்து நீருக்குள் குட்டிக்கரணம் போடுகிறார். கால்கள் நீருக்கு மேலே வளைந்து வந்து சுவரில் பதிகின்றன. முழங்கால் நிமிரும் ஒரே உந்தலில் உடல் அம்பைப் போல நீண்டு, மேற்பரப்புக்குக் கீழே வழுக்கிச் செல்கிறது. தலை நீரைப் பிளந்து மேலே வருவதற்கு 15 மீட்டர் வரை விதி இடம் தருகிறது. ஆனால் மூச்சுக்கு ஏங்கும் நெடுந்தூர வீரர்கள் அதற்கு வெகுமுன்பே மேலே வந்துவிடுகிறார்கள். ஒரு திருப்பத்தில் பத்திலொரு பங்கு வினாடியை மிச்சப்படுத்துபவர், 1500 மீட்டரின் முடிவில் 2.9 வினாடி முன்னால் இருப்பார். 25 மீட்டர் குளத்தில் திருப்பங்கள் இரட்டிப்பாவதால் அங்கே நேரங்கள் இன்னும் குறைகின்றன. லெடெக்கி 2022இல் டொரன்டோ நகரில் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 15 நிமிடம் 8.24 வினாடியில் நீந்தியதை, 50 மீட்டர் குளத்துச் சாதனையோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

குறுந்தூர வீரர்கள் கால்களை ஓயாமல் உதைப்பார்கள். இரு கைகளும் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஆறு உதை. கால் தசைகள் பெரியவை என்பதால் ஆக்சிஜனை அதிகம் உண்பவையும் அவையே. ஆகவே நெடுந்தூர வீரர்களுள் பலர் ஒரு சுற்றுக்கு இரண்டு உதையோடு நிறுத்திக்கொண்டு, வலுவைக் கைகளில் வைக்கிறார்கள், முடிவு நெருங்கும்போதுதான் கால்களை முழுமையாக இயக்குகிறார்கள். போட்டியைப் பார்க்கும்போது, வீரர்களின் பாதங்களுக்குப் பின்னால் எழும் வெண்ணுரை திடீரெனப் பெருகினால், அவர் வேகத்தை மாற்றப் போகிறார் என்று அறிந்துகொள்ளலாம். தடத்தின் முனையில் மீதமுள்ள நீளங்களைக் காட்டும் எண் பலகையும், முன்னணியில் செல்பவருக்கு ஏறத்தாழ கடைசி 100 மீட்டர் எஞ்சியிருக்கையில் ஒலிக்கும் மணியும் பார்வையாளருக்கும் துணை.

இனி லெடெக்கியிடம் வருவோம். 1997 மார்ச் 17இல் வாஷிங்டனில் பிறந்து, அதனை அடுத்துள்ள மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் வளர்ந்தவர். அவருடைய தாய் பல்கலைக்கழக அணிக்காக நீந்தியவர். ஆறு வயதில் அண்ணனோடு சேர்ந்து அக்கம்பக்கத்துக் கோடைகாலக் குளத்தில் நீந்தத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கு வந்தபோது அவருக்கு வயது 15. அமெரிக்காவின் ஒட்டுமொத்த ஒலிம்பிக் குழுவிலேயே அவர்தான் மிக இளையவர். 800 மீட்டர் இறுதிப் போட்டியில் அரங்கம் முழுவதும், முந்தைய ஒலிம்பிக்கில் இதே போட்டியை உலக சாதனையோடு வென்ற பிரிட்டனின் ரெபெக்கா ஆட்லிங்டனுக்காக ஆரவாரித்துக்கொண்டிருந்தது. லெடெக்கி தொடக்கத்திலேயே முன்னேறினார். அனுபவமில்லாத சிறுமி தன்னை அறியாமல் வேகம் கூட்டிவிட்டாள், விரைவில் களைத்துவிடுவாள் என்றே அறிந்தவர்களும் எண்ணியிருக்கக்கூடும். அவர் களைக்கவில்லை. 8 நிமிடம் 14.63 வினாடியில் சுவரைத் தொட்டார், ஆட்லிங்டனின் 8:14.10 என்ற உலக சாதனைக்கும் அதற்கும் 0.53 வினாடிதான் இடைவெளி. இரண்டாவதாக வந்த ஸ்பெயின் வீராங்கனை மிரேயா பெல்மோன்டே நான்கு வினாடிக்கு மேல் பின்தங்கியிருந்தார். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு நீளத்துக்கு 30.91 வினாடி.

லண்டனுக்குப் பிறகு புரூஸ் ஜெம்மல் அவருடைய பயிற்சியாளரானார். 2016 ஒலிம்பிக்கிற்கான இலக்கை இருவரும் மூன்று இலக்கங்களில் சுருக்கிக்கொண்டார்கள்: 565. 400 மீட்டரை 3 நிமிடம் 56 வினாடியிலும், 800 மீட்டரை 8 நிமிடம் 5 வினாடியிலும், முடிந்தால் அதற்கும் குறைவாகவும் நீந்த வேண்டும் என்பது அதன் பொருள். கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு கைகளை மட்டும் பயன்படுத்தி நீந்தப் பயன்படும் மிதவைத் துண்டில் அந்த எண்களை எழுதிவைத்திருந்தார். நாள்தோறும் கையில் எடுக்கும் பொருளில் இலக்கு எழுதப்பட்டிருந்தது. லண்டன் ஒலிம்பிக் முடிந்தபோது உலகில் எந்தப் பெண்ணும் 800 மீட்டரை 8:14க்குக் குறைவாக நீந்தியிருக்கவில்லை. 8:05 என்பது ஒரு நீளத்துக்கு 30.31 வினாடி. லண்டனில் நீந்திய வேகத்திலிருந்து ஒவ்வொரு நீளத்திலும் 0.6 வினாடி குறைக்க வேண்டும், அதைப் பதினாறு முறை தொடர்ந்து செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட இலக்கை அடைவதற்கான பயிற்சி, பெரும்பாலும் முழுத் தூரத்தையும் நீந்துவதாக இருக்காது. 100 மீட்டரையோ 200 மீட்டரையோ, போட்டியில் நீந்த வேண்டிய அதே வேகத்தில், குறுகிய ஓய்வோடு பல முறை திரும்பத் திரும்ப நீந்துவார்கள். கடிகாரத்தைப் பார்க்காமலேயே, ஒரு நீளத்தை 30.3 வினாடியில் முடித்தோமா 30.8இல் முடித்தோமா என்று உடல் சொல்லும் வரை அது தொடரும். லெடெக்கி தன் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியில் ஆண் நீச்சலாளர்களோடு சேர்ந்தே பயின்றவர். தன் வேகத்துக்கு ஈடு கொடுக்கும் துணை அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

2013 பார்சிலோனா உலகப் போட்டியில் 8:13.86 என்று உலக சாதனை வந்தது. 2015 கஸான் நகரில் 8:07.39. கஸானில் அவர் 200, 400, 800, 1500 என நான்கு தனிநபர் ஃப்ரீஸ்டைல் தங்கங்களையும் ஒரே போட்டித் தொடரில் வென்றார். 200 மீட்டர் வேகம் சார்ந்த போட்டி, 1500 மீட்டர் தாங்குதிறன் சார்ந்த போட்டி. இவ்விரண்டும் ஓர் உடலில் சேர்ந்து அமைவது எத்தனை அரிது என்பதை நீச்சல் பயின்ற எவரும் அறிவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 3:56.46இலும் 800 மீட்டரை 8:04.79இலும் நீந்தி இரண்டிலும் உலக சாதனை படைத்தார். மிதவையில் எழுதிய மூன்று இலக்கங்களும் நிறைவேறின. அந்த 800 மீட்டரில் இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லினுக்கும் அவருக்கும் இடையே 11.38 வினாடி இடைவெளி இருந்தது. லெடெக்கி சுவரைத் தொட்டபோது கார்லின் இன்னும் ஏறக்குறைய 18 மீட்டர் தொலைவில் இருந்தார். 200 மீட்டரையும் வென்றதால், ஒரே ஒலிம்பிக்கில் 200, 400, 800 மூன்றையும் வென்ற இரண்டாவது பெண்ணானார். முதலாமவர் 1968 மெக்சிகோ நகரில் வென்ற டெபி மேயர்.

ஆனால் அவருடைய மிகச் சிறந்த தூரமான 1500 மீட்டர் லண்டனிலும் ரியோவிலும் பெண்களுக்கு இல்லவே இல்லை. ஆண்களுக்கு 1908 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இந்தப் போட்டியைப் பெண்களுக்கும் வழங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. உலகப் போட்டியில்கூட 2001இல்தான் பெண்கள் 1500 மீட்டர் சேர்க்கப்பட்டது. இதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. பெண்களின் உடல் இத்தூரத்தைத் தாங்கும் என்பதற்கான சான்று ஆண்டுதோறும் குளத்தில் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. 2007இல் கேட் ஸீக்ளர் படைத்த 15:42.54 என்ற சாதனையை லெடெக்கி 2013இல் 15:36.53 ஆகக் குறைத்தார். 15 நிமிடம் 30 வினாடி என்பது சரியாக ஒரு நீளத்துக்கு 31 வினாடி வீதம் முப்பது நீளம். அந்தக் கோட்டை முதன்முதலாகத் தாண்டிய பெண் அவர். 2014இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் 15:28.36. இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது ஒலிம்பிக் பட்டியலில் அந்தப் போட்டிக்கு இடமில்லை. ரியோவில் அது இருந்திருந்தால் அவருடைய பதக்கக் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்று வருந்தாமல் இருக்க முடியவில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அந்த நாள் வந்தது. அன்று காலை 200 மீட்டர் இறுதிப் போட்டியில் லெடெக்கி ஐந்தாவதாக வந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மீண்டும் குளத்தில் இறங்கி, ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கான முதல் 1500 மீட்டர் தங்கத்தை 15:37.34இல் வென்றார்.

அவர் தோற்ற போட்டிகளையும் பார்த்தால்தான் சீரான வேகத்தின் அருமை முழுமையாக விளங்கும். 2019 குவாங்ஜு உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஆரியார்ன் டிட்மஸ் அவரை 400 மீட்டரில் கடைசி நீளத்தில் முந்தினார். அந்த வாரம் லெடெக்கிக்கு உடல்நலம் குன்றியிருந்தது. 200 மீட்டரிலிருந்தும் 1500 மீட்டர் இறுதியிலிருந்தும் விலகிக்கொண்டார். எஞ்சிய 800 மீட்டரில், வழக்கமாக யாரும் நெருங்காத அவரை இத்தாலியின் சிமோனா குவாடரெல்லா பாதிக்கு மேல் சென்றதும் முந்திச் சென்றார். லெடெக்கி தன் இயல்பான வேகத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆயினும் கடைசி நீளத்தில் அதுவரை அடக்கிவைத்திருந்த உதைப்பை முழுவதுமாக அவிழ்த்துவிட்டு 8:13.58இல் வென்றார். அவருடைய சாதனை நேரங்களைவிட மிக மெதுவான அந்த வெற்றியை அவருடைய சிறந்த நீச்சல்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். டோக்கியோவின் 400 மீட்டரில் நிலைமை வேறு. முற்பாதியில் லெடெக்கி முன்னிலை வகித்தார். டிட்மஸ் பொறுமையாகத் தொடர்ந்து வந்து, இறுதி 100 மீட்டரில் கடந்து, 3:56.69இல் முடித்தார். லெடெக்கியின் 3:57.36 மோசமான நேரமன்று. எதிராளி தம் ஆற்றலைப் பங்கிட்ட விதம் அன்று இன்னும் சிறப்பாக இருந்தது.

அதன் பின் அவர் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில் ஆன்டனி நெஸ்டியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சுரினாம் நாட்டுக்காக 100 மீட்டர் பட்டர்ஃபிளை தங்கம் வென்றவர் நெஸ்டி. 2024 பாரிசில் 1500 மீட்டரை லெடெக்கி வென்ற நேரம் 15:30.02, ஒரு நீளத்துக்கு ஏறக்குறைய சரியாக 31 வினாடி. அங்கேயே 800 மீட்டரைத் தொடர்ந்து நான்காவது ஒலிம்பிக்கிலும் வென்றார். அத்துடன் அவருடைய ஒலிம்பிக் தங்கங்கள் ஒன்பதாயின. சோவியத் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை லாரிசா லத்தினினாவின் எண்ணிக்கைக்கு இணையாக.

ரியோவின் 8:04.79 ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2025 மே மாதம் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில், 28 வயதில், அவரே அதை 8:04.12 ஆகக் குறைத்தார். ஒரு நீளத்துக்கு 30.30 வினாடியாக இருந்தது 30.26 ஆயிற்று. பத்தொன்பது வயதில் நீந்தியதைவிட ஒவ்வொரு நீளத்திலும் வினாடியின் நூறில் நான்கு பங்கு. அதற்கு ஒன்பது ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் 800 மீட்டர் இறுதி, இந்தத் தூரத்தில் நான் பார்த்தவற்றுள் மிக நெருக்கமானது. லெடெக்கியும், ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டரும், கனடாவின் 18 வயது சம்மர் மெக்கின்டோஷும் அடுத்தடுத்துச் சென்றார்கள்; எண் பலகை குறைந்துகொண்டே வந்தும் யாரும் விலகிச் செல்லவில்லை, யாரும் உடையவுமில்லை. மணி ஒலித்த பிறகு மூவரின் பாதங்களுக்குப் பின்னாலும் நுரை எழுந்தது. லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டோஷ் 8:07.29. முதல் இருவருக்கும் இடையே 0.36 வினாடி, பதினாறால் வகுத்தால், ஒரு நீளத்துக்கு 0.02 வினாடி.